பிடியரிசியில் பத்தொன்பது மணிகள்

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து அம்மா காலி டப்பாவோடு வீட்டுக்குள் வந்தபோது எனக்குப் பாதி உயிர் போய்விட்டது. அது பிடியரிசி டப்பா. எங்கள் சபைப் பெண்கள் உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியைத் தனியே எடுத்துப் போடுவார்கள். மாதம் ஒருமுறை சர்ச்சில் கொண்டுபோய்க் கொட்டுவார்கள். பிறந்ததிலிருந்து பார்ப்பதுதான். இருந்தும், மழை ஈரம் படாமலிருக்கட்டும் என்று என் குப்பியை அந்த அரிசிக்குள் புதைத்து வைத்திருந்தேன். ஆராய்ச்சி மாணவியின் புத்தி அவ்வளவுதான்.

குப்பியில் இருந்தவை ஒரு விண்கல்லிலிருந்து பிரித்தெடுத்த பத்தொன்பது மணிகள். ஒவ்வொன்றும் கடுகளவு. சூரியன் உருவாகிக்கொண்டிருந்த காலத்தில் அதைச் சுற்றியிருந்த தூசி திடீரென்று சூடேறி உருகி, மிதந்தபடியே துளித்துளியாக உறைந்ததில் உண்டானவை. சூடாக்கியது எது என்று இன்றுவரை யாருக்கும் உறுதியாகத் தெரியாது. அதைத் தேடுவதுதான் என் படிப்பு. மணிகளை வீட்டுக்குக் கொண்டுவர அனுமதி கிடையாது; சொல்லாமல்தான் எடுத்து வந்திருந்தேன். மறுநாள் காலை திருவனந்தபுரத்து ஆய்வுக்கூடத்தில் எண்ணி வைக்க வேண்டும். ஒன்று குறைந்தாலும் படிப்பு அத்தோடு சரி.

குளத்தூர் சர்ச்சுக்கு ஓடினேன். பின்புறத்தில், சர்ச்சில் கஞ்சி காய்ச்சும் ரத்னபாய் அக்கா காதில் இயர்போனோடு முறத்தில் அரிசி பரப்பிக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் என் குப்பி, மூடி கழன்று, வெறுமையாகக் கிடந்தது. பொறுக்கிய கல்லையெல்லாம் ஒரு தேங்காய்ச் சிரட்டையில் போட்டிருந்தாள். நாற்பது வீட்டு அரிசியின் கல். அதில் என்னுடையது எது? எனக்கு அழுகை வந்துவிட்டது.

விஷயத்தைக் கேட்டதும் அக்கா இயர்போனைக் கழற்றினாள்.

"அதுல தேடாத மக்கா. ஒனக்க சாமானம் இதுல உண்டு," என்று குப்பியின் மூடியை நீட்டினாள். "மத்த கல்லு மொறத்துல கெடந்த எடத்துல கெடக்கும். இது சரிச்சா உருண்டு ஓடுது. அரிசியில இப்பிடி உருண்ட கல்லு வராது, கேட்டியா. அதாக்கும் மாத்தி வச்சேன்."

மிதக்கும் துளி எதுவும் உருண்டையாகத்தான் உறையும் என்று நான் நாற்பது பக்கம் எழுதியிருக்கிறேன். அவள் முறத்தைச் சரித்துப் பார்த்துவிட்டாள்.

எண்ணினேன். பதினெட்டு. மறுபடியும் எண்ணினேன். பதினெட்டேதான்.

அக்கா மிச்ச அரிசியை முறத்தில் பரப்பி, மெல்லச் சரித்தாள். சிவந்த அரிசிக்கு நடுவிலிருந்து கறுப்பாக ஒன்று புறப்பட்டது. ஒரு நெல்லில் முட்டி நின்றது. அக்கா விரலால் முறத்தைத் தட்டினாள். அது வழி மாறி உருண்டு, விளிம்பு தாண்டி, நான் ஏந்தியிருந்த கையில் விழுந்தது.