பந்தயத் தெருவில் ஒரு பிரசவம்

லீவன், கெண்ட் நகரத்தில் முப்பது வருடமாக டிராம் ஓட்டுகிறவர். வயது ஐம்பத்தேழு. கல்யாணம் காட்சி எதுவும் இல்லை. லேடபெர்ஹ் பக்கம் ஒரு பழைய வீட்டின் கீழ்த்தளத்தில், பிர்மின் என்கிற காக்கட்டீல் கிளியோடு குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தார்.

பிர்மினுக்கு வெள்ளை உடம்பு, மஞ்சள் கொண்டை, இரண்டு கன்னத்திலும் யாரோ விரலால் அப்பிவிட்டது போல ஆரஞ்சு வட்டம். விற்ற கடைக்காரர் அடித்துச் சொல்லியிருந்தார்: "ஆண்தான் சார். மூணே மாசம். வீட்டையே விசிலடிச்சுத் தூக்கிடும் பாருங்க."

அந்த மூன்று மாதம் இரண்டு வருடமாகிவிட்டது. தினமும் வேலை முடிந்து வந்ததும், சீருடையைக்கூடக் கழற்றாமல் லீவன் கூண்டுக்கு முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்து, தானே கட்டிய ஆறு சுரம் கொண்ட ஒரு மெட்டை விசிலடிப்பார். பிர்மின் தலையைச் சாய்த்து மரியாதையாகக் கேட்கும். பிறகு அவர் தோளில் ஏறி, கருநீலக் கோட்டெல்லாம் வெள்ளைப் பொடியை உதிர்த்து, காலர் பட்டனின் நூலைக் கொறிக்கும். விசில் மட்டும் வரவே வராது. லீவன் குளியலறைப் பக்கம் போனால் "கீய்" என்று ஒரு கத்தல். அவ்வளவுதான் அதன் சங்கீதம்.

மற்றபடி ஒரு குறை வைக்கவில்லை. வாரம் மூன்று நாள் பூவாளியில் ஊற்றுவது போல நீர் தெளித்துக் குளியல். கூண்டில் ஆப்பிள் மரக் குச்சி, கொத்த ஒரு கணவாய் மீனின் ஓடு, ஞாயிற்றுக்கிழமை தினைக்கதிர். ஒட்டாத பூச்சுள்ள வாணலியின் புகை பறவைக்கு ஆகாது என்று படித்த அன்றே அதைத் தூக்கி எறிந்துவிட்டு, முட்டையை அடிப்பிடிக்கவிட்டுச் சாப்பிடப் பழகிக்கொண்டார்.

மாடியில் இருந்தவர் ஒர்தென்ஸ். அறுபத்தெட்டு வயது, ஓய்வு பெற்ற மருத்துவச்சி. நாற்பது வருடம் பிரசவ அறையில் கூச்சலைக் கேட்டவருக்கு இந்த ஆறு சுரத்தைத் தாங்க முடியவில்லை. முதலில் தரையை மிதித்துப் பார்த்தார். பிறகு செருப்பைக் கழற்றித் தட்டினார். ஒருநாள் இறங்கி வந்து கதவைத் தட்டினார்.

"லீவன், இன்னிக்கு கறிக்கடையில வரிசையில நின்னுட்டிருந்தேன். என்ன பண்ணேன் தெரியுமா?"

"என்னங்க பண்ணீங்க?"

"விசிலடிச்சேன். உன் பாட்டு. முழுசா. கடைக்கார அம்மா 'என்ன, காதலா?'ன்னு கேக்கறா. உன் பறவை கத்துக்கிச்சோ இல்லையோ, நான் கத்துக்கிட்டேன். போதும்ப்பா, விட்டுடு."

லீவனுக்குச் சிரிப்பும் வெட்கமும் சேர்ந்து வந்தது. அன்றிலிருந்து கதவைச் சாத்திக்கொண்டு மெதுவாக விசிலடித்தார்.

ஜூன் மாதத்தில் பிர்மினின் போக்கு மாறியது. அலமாரிக்கு அடியில் இருட்டு மூலையில் போய் உட்கார்ந்து செய்தித்தாளை நார்நாராகக் கிழித்தது. பாவம், மனசு சரியில்லை போலிருக்கிறது என்று லீவன் தரையில் படுத்து அதற்கு விளையாட்டுப் பக்கத்தை வாசித்துக் காட்டினார்.

அந்த மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தப் பகுதியின் திருவிழா. வழக்கம்போல சைக்கிள் பந்தயமும் உண்டு. வீட்டைச் சுற்றியுள்ள தெருக்களில் பதினான்கு சுற்று. காலையிலேயே தடுப்பு போட்டுவிட்டார்கள். மூலையில் பொரித்த மாவுருண்டை வாசனை, பீர்க் கூடாரம், மேடையில் ஒலிபெருக்கியோடு ஒரு அறிவிப்பாளர். லீவன் ஜன்னலைத் திறந்து வைத்துவிட்டுக் கூண்டைப் பார்த்தார்.

பிர்மின் குச்சியில் இல்லை. கூண்டின் தரையில் பஞ்சு உருண்டை மாதிரி உப்பிப்போய், காலை அகட்டி, கண்ணை அரைகுறையாக மூடி உட்கார்ந்திருந்தது. வால் மேலும் கீழும் அடித்துக்கொண்டிருந்தது. கொண்டை தலையோடு ஒட்டிப் படுத்திருந்தது. தினைக்கதிரை மூக்கருகே நீட்டினார். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

லீவன் இரண்டிரண்டு படியாகத் தாவி மாடிக்கு ஓடினார். "அம்மா! ஒர்தென்ஸம்மா! பிர்மின் சாகக் கெடக்கறான்!"

ஒர்தென்ஸ் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்த கத்தியோடேயே இறங்கி வந்தார். கூண்டுக்கு முன்னால் குனிந்தார். ஒரு நிமிடம் பார்த்தார். கத்தியை மேசைமேல் வைத்தார்.

"இந்த முகத்தை நான் நாலாயிரம் தடவை பாத்திருக்கேன். இது பிரசவ வலி."

"அவன் ஆம்பளைங்க!"

"யாரு சொன்னா?"

"கடைக்காரர்."

"அவரு என்னத்தைப் பாத்தாரு? முட்டை உள்ள மாட்டிக்கிட்டிருக்குப்பா. போனை எடு. பறவை டாக்டரைக் கூப்பிடு."

ஞாயிறு பணியில் இருந்த கால்நடை மருத்துவர் ஆற்றுக்கு அந்தப்பக்கம் இருந்தார். லீவனுக்கு வாய் குழறியதால் ஒர்தென்ஸ் போனைப் பிடுங்கி, வலி வந்த நேரம், மூச்சின் வேகம், காலின் நிலை என்று ஆஸ்பத்திரி பாணியில் ஒப்பித்தார். மருத்துவர் சொன்னார்: "உடனே கிளம்பி வாங்க. வழி முழுக்க சூடா, ஈரமா, இருட்டா வெச்சிருங்க. வயித்தை மட்டும் யாரும் அமுக்கிடாதீங்க."

"பந்தயம் நடக்குது, தெருவை மூடிட்டாங்க" என்றார் லீவன், அழாத குறையாக.

"தெருவை நான் தொறக்கறேன். நீ பெட்டியை ரெடி பண்ணு."

செருப்பு வாங்கிய அட்டைப்பெட்டி, அடியில் வெந்நீர்ப் பை, அதன்மேல் துண்டு, பக்கத்தில் வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணி. காரில் ஹீட்டரைப் போட்டு அது கதகதப்பாகும்வரை, குளியலறையில் வெந்நீரைத் திறந்துவிட்டு, பிர்மின் இருந்த பெட்டியோடு இருவரும் ஆவிக்குள் நின்றார்கள். ஒர்தென்ஸின் கண்ணாடி ஆவி படிந்து மங்கியது. லீவனின் மீசை சொட்டியது.

ஒர்தென்ஸின் குட்டிச் சிவப்புக் கார் தெருமுனைத் தடுப்பை அடைந்தபோது, கொடியோடு நின்றவர் கையைக் காட்டினார். ஆறரை அடி ஆள்.

"பின்னாடி போங்கம்மா. இன்னும் ஒன்பது சுத்து பாக்கி."

ஒர்தென்ஸ் ஜன்னலை இறக்கினார். "தம்பி, நான் மருத்துவச்சி. கார்ல பிரசவ கேஸ் இருக்கு."

கொடிக்காரர் குனிந்து உள்ளே பார்த்தார். மற்ற ஜன்னலெல்லாம் மூடிய காருக்குள், ஜூன் மாதத்தில் ஹீட்டரை முழு வேகத்தில் போட்டுக்கொண்டு, வேர்த்து விறுவிறுத்து, மடியில் ஒரு செருப்புப் பெட்டியைக் கட்டிக்கொண்டு லீவன் உட்கார்ந்திருந்தார்.

"இவருக்கா?" என்றார் கொடிக்காரர்.

"பெட்டிக்குள்ள இருக்கறவளுக்கு" என்றார் லீவன். முதல் தடவையாக 'அவள்' என்று சொல்லிவிட்டதை அவரே கவனித்தார். "என் பறவைங்க. முட்டை மாட்டிக்கிச்சு. அந்தப்பக்கம் டாக்டர் காத்துக்கிட்டிருக்காங்க. செத்துப்போயிடும்ங்க."

கொடிக்காரர் நிமிர்ந்தார். தலையைச் சொறிந்தார். பிறகு தோளில் இருந்த வாக்கிடாக்கியில், "ராஃப், சைக்கிள் கூட்டம் எங்க வருது?" என்று கேட்டார்.

"முன்னாடி வர்றவங்களுக்கு ரெண்டரை நிமிஷம் ஆகும்" என்றார் மேடையிலிருந்த அறிவிப்பாளர். "ஏன்?"

"ஒரு பிரசவத்தை அனுப்பி வெக்கறேன்."

தடுப்பு திறந்தது. ஒலிபெருக்கி முழங்கியது: "அன்பான லேடபெர்ஹ் மக்களே, ஓரமா நில்லுங்க! பந்தயப் பாதையில பிரசவ கார் வருது! பீரைக் கீழ வெச்சுட்டுக் குழந்தைங்களைப் பிடிங்க!"

நானூறு மீட்டர் நேர்த் தெரு, இரண்டு பக்கமும் ஜனம். ஒர்தென்ஸின் கார் முடிவுக்கோட்டை நோக்கி ஊர்ந்தது. ஜனங்கள் பந்தய வீரர்களுக்குத் தட்டுவது போலவே தடுப்புத் தகரத்தில் படபடவென்று தட்டினார்கள். "முக்கும்மா முக்கு!" என்று ஒரு கூட்டம் கத்தியது. யாரோ மணியடித்தார்கள். பெட்டி குலுங்கக்கூடாது என்று லீவன் இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு, தன்னையறியாமல் மூச்சைப் பிடித்துப் பிடித்து விட்டார்.

"நீ எதுக்குப்பா முக்கற?" என்றார் ஒர்தென்ஸ்.

பெட்டிக்குள் ஒரு சலசலப்பு. பிறகு 'கீய்'. லீவன் மூடியைக் கொஞ்சமாகத் தூக்கினார். பிர்மின் திரும்பி உட்கார்ந்திருந்தது. துண்டின் மடிப்பில், அதன் வாலுக்குக் கீழே, ஈரமாக, வெள்ளையாக, கட்டைவிரல் நுனியளவு ஒன்று.

"நிறுத்துங்க" என்றார் லீவன். "நிறுத்துங்க! வந்துடுச்சு! வந்துடுச்சும்மா!"

கார் சரியாக முடிவுக்கோட்டின்மேல் நின்றது. மேடையிலிருந்து ராஃப் எட்டிப் பார்த்தார். "என்னாச்சு? ஆணா பொண்ணா?"

ஒர்தென்ஸ் கதவைத் திறந்து எழுந்து நின்று, நாற்பது வருடம் ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் பழகிய குரலில் சொன்னார்: "முட்டை!"

தெரு ஒரு கணம் திகைத்தது. அடுத்த கணம் சிரிப்பு வெடித்தது. ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்து சிரித்தார்கள், பீர்க் கோப்பைகள் உயர்ந்தன. "தாயும் முட்டையும் நலம்!" என்று ராஃப் ஒலிபெருக்கியில் அலறினார். "ஐயோ, வண்டியை எடுங்கம்மா, வந்துட்டாங்க, வந்துட்டாங்க!" ஒர்தென்ஸ் உள்ளே பாய்ந்து காரை ஓரச் சந்துக்குள் திருப்பவும், அறுபது சைக்கிள்கள் விர்ரென்று கடந்து போகவும் சரியாக இருந்தது.

சந்தில் காரை நிறுத்திவிட்டு இருவரும் சிரித்தார்கள். ஒருவர் நிறுத்தினால் மற்றவர் ஆரம்பித்தார். லீவனுக்குக் கண்ணில் தண்ணீர் கொட்டியது. பிர்மின் பெட்டியிலிருந்து தலையை நீட்டி, கொண்டையை விறைப்பாகத் தூக்கி, எங்கே என் சாப்பாடு என்கிற மாதிரி இருவரையும் மாறி மாறிப் பார்த்தது.

டாக்டரிடம் போய்க் காட்டினார்கள். அவர் சுண்ணாம்புச்சத்து மருந்து கொடுத்தார். "இன்னும் நாலஞ்சு வரலாம், ஒருநாள் விட்டு ஒருநாள். குஞ்சு பொரிக்காது, ஆனா எடுத்துடாதீங்க. எடுத்தா மறுபடி போட்டுக்கிட்டே இருக்கும். அதுவா சலிச்சு எழுந்திருக்கட்டும்" என்றார்.

"பேரை மாத்தணுமா?" என்று கேட்டார் லீவன்.

"அதுக்கு மருந்து கிடையாது" என்றார் டாக்டர்.

பேரை மாற்றவில்லை. ஆனால் பிள்ளை பிறந்தால் ஊர் வழக்கப்படி எல்லாருக்கும் இனிப்பு கொடுக்காமல் விடுவதா? மிட்டாய்க்கடைக்குப் போய் இரண்டு கிலோ சர்க்கரை பூசிய பாதாம் கேட்டார். "பையன்னா நீலம், பொண்ணுன்னா ரோஸ்" என்றாள் கடைக்காரப் பெண். லீவன் நெடுநேரம் யோசித்து வெள்ளை வாங்கினார். டிராம் பணிமனையில் ஆளுக்கு ஒரு பொட்டலம். "லீவன் அப்பாவாயிட்டாராம்!" என்ற செய்தி மதியத்துக்குள் ஊரிலிருந்த மூன்று பணிமனைகளுக்கும் பரவியது. மாலையில் மேலதிகாரியே கூப்பிட்டு, பிரசவ விடுப்பு வேண்டுமா என்று மிகவும் தன்மையாக விசாரித்தார்.

ஒர்தென்ஸ் கூண்டின் பக்கத்தில் ஒரு அட்டை தொங்கவிட்டார். நேரம், எடை, சாப்பாடு, சுபாவம். செவ்வாய் இரண்டாவது வந்தது. வியாழன் மூன்றாவது. சனி நான்காவது. ஒவ்வொரு தடவையும் லீவன் முதல் தடவை போலவே படபடத்தார். வீட்டுச் சாவி ஒர்தென்ஸிடம் இருந்தது. லீவன் வேலையில் இருக்கும்போது அவர்தான் காவல்.

அடுத்த திங்கள் மதியம், லீவனின் டிராம் ஜனம் நிறைய ஏற்றிக்கொண்டு லேடபெர்ஹ் சதுக்கத்துக்குள் வளைந்தது. நிறுத்தத்தில், கூட்டத்துக்கு நடுவே, மேல்கோட்டுக்கடியில் வீட்டுச் செருப்போடு ஒர்தென்ஸ் நின்றிருந்தார். ஒரு கையில் கேக் பெட்டி. இன்னொரு கை தலைக்குமேல், ஐந்து விரலும் விரித்து.

லீவன் டிராமை நிறுத்தினார். ஒலிவாங்கியை எடுத்தார். முப்பது வருடத்தில் நிறுத்தத்தின் பெயரைத் தவிர வேறெதுவும் அதில் சொன்னதில்லை.

"லேடபெர்ஹ்" என்றார். "அஞ்சாவதும் வந்தாச்சு. எல்லாரும் நல்லா இருக்காங்க."

என்ன ஏதென்று யாருக்கும் தெரியாது. இருந்தும் பின்னாலிருந்து யாரோ கைதட்ட, டிராம் பெட்டி முழுக்கக் கைதட்டல் ஓடி வந்தது. ஒர்தென்ஸ் படியேறி, ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் இருந்த முதல் இடத்தில் உட்கார்ந்து, கேக் பெட்டியின் கயிற்றை அவிழ்க்க ஆரம்பித்தார்.