காணாமல் போன ஆயிரத்து இருநூறு ஜூல்

பெட்டி மேலே இருந்தபோது அதனிடம் மூவாயிரம் ஜூல் ஆற்றல் இருந்தது. கீழே வந்து சேர்ந்தபோது ஆயிரத்து எண்ணூறுதான் இருந்தது. நடுவில் ஐந்து மீட்டர் நீளச் சறுக்கு மட்டும்தான். வழியில் யாரும் பெட்டியைத் தொடவில்லை. மீதி ஆயிரத்து இருநூறு எங்கே போனது என்று சாவியோவுக்குத் தெரியவில்லை. அது தெரியாமல் அவனுக்குக் கல்யாணமும் நடக்காது.

அவன் வேலை பார்த்தது எண்ணூர் சாலையில் உள்ள ஒரு கிடங்கில். மேல் தளத்திலிருந்து பெட்டிகளை இரும்புத் தகடு அடித்த சறுக்கில் தள்ளிவிட்டால் கீழே வந்துவிடும். அன்று காலை தலைமை அலுவலகத்து ஆட்கள் அங்கே ஒரு திரையைப் பொருத்திவிட்டுப் போயிருந்தார்கள். பெட்டி எவ்வளவு ஆற்றலோடு புறப்படுகிறது, எவ்வளவோடு வந்து சேர்கிறது என்று அது காட்டும். இரண்டும் ஒத்துப்போனால்தான் கேட் திறக்கும்.

அந்தக் கணக்கு எளிது. பெட்டி நூறு கிலோ. கிலோவுக்கு ஏறக்குறைய பத்து நியூட்டன் விசையோடு பூமி இழுக்கிறது. உயரம் மூன்று மீட்டர். மூன்றையும் பெருக்கினால் மூவாயிரம். கீழே வரும்போது வேகம் வினாடிக்கு ஆறு மீட்டர். ஆறை ஆறால் பெருக்கி, நூறு கிலோவாலும் பெருக்கி, பாதியாக்கினால் ஆயிரத்து எண்ணூறு. திரையின் ஓரத்தில் 'உராய்வு விசை' என்று இன்னொரு கட்டமும் இருந்தது. அதில் பூஜ்யம். புது இயந்திரம், குறை ஒன்றுமில்லை என்று அதைப் பார்த்து மேற்பார்வையாளர் தாமோதரன் மகிழ்ந்துபோனார்.

முதல் பெட்டியை மாப்பிள்ளை கையால் தள்ளவேண்டும் என்று அவர்தான் முடிவு செய்தார். சாவியோவுக்கு அரைநாள்தான் விடுப்பு. நாலு மணிக்கு ராயபுரத்து மாதா கோயிலில் கல்யாணம். எலுமிச்சம்பழம் நசுக்கி, கற்பூரம் காட்டி, பெட்டியைத் தள்ளினான். எல்லோரும் கைதட்டினார்கள். திரை சிவப்பானது. '1200 காணவில்லை' என்றது. கேட் தானாக மூடிக்கொண்டது.

தாமோதரன் துறைமுகத்தில் சரக்கு எண்ணிக்கை எழுதும் டாலி கிளார்க்காக இருந்து வந்தவர். அந்தப் பக்கத்தில் எது குறைந்தாலும் முதலில் கேட்டை மூடுவார்கள், பிறகு ஆளைச் சோதிப்பார்கள், பொருள் என்ன என்பதைக் கடைசியில்தான் கேட்பார்கள்.

"பாய்! ஒருத்தனும் வெளிய போவக்கூடாது. சோதனை போடு!"

காவலாளி அத்தாவுல்லா தொப்பியைச் சரிசெய்துகொண்டு வந்தார். "இன்னா சார் காணோம்?"

"ஜூலு. ஆயிரத்தி எரநூறு."

"இன்னா கலரு?"

"யாருக்குத் தெரியும்? கடைசியா பொட்டியத் தொட்டவன் இவன்தான். இவன்லேர்ந்து ஆரம்பி."

சாவியோவின் பையிலிருந்து சீப்பும் மோதிர டப்பாவும் வந்தன. அத்தாவுல்லா டப்பாவைக் காதோரம் வைத்து ஆட்டிப் பார்த்தார். "குதி நைனா. உள்ள ஒளிச்சி வச்சிருந்தா வுழும்."

சாவியோ குதித்தான். ஒன்றும் விழவில்லை. அவனுடைய சாப்பாட்டுத் தூக்கைத் திறந்ததும் ஆவி வந்தது.

"சார், இது சூடா கீது. எப்பிடி சூடா கீது?"

"தனியா எடுத்து வை," என்றார் தாமோதரன் கடுமையாக.

அப்போது மணப்பெண் கரோலின் போன் செய்தாள். "இன்னாடா, எங்க கீற? நான் தலைல பூ வச்சிகினு குந்தினு கீறேன்."

"கேட்டு தொறக்கல கரோ. ஆயிரத்தி எரநூறு ஜூலு காணோம்."

"அது யாரு வூட்டு சாமான்?"

"சாமான் இல்ல, பொட்டி ஓடறதுக்கான தெம்பு. நான் சுட்டுட்டேன்றாங்க."

"உனக்குத் தெம்பு இருந்தா காலைல வேலைக்குப் போவமாட்டேன்னு சொல்லியிருப்ப. நாலு மணிக்கு நீ வரல, கவுனோட நானே வந்து கேட்ட ஒடைப்பேன்."

திருட்டு எப்படி நடந்தது என்று தெரிய வேண்டுமானால் அதைத் திரும்ப நடத்திப் பார்க்க வேண்டும் என்றார் தாமோதரன். பாரந்தூக்கி பெட்டியை மேலே ஏற்றியது. சாவியோ மறுபடி தள்ளினான். '2400 காணவில்லை' என்றது திரை.

"பாத்தியா! கண்ணெதிர்லயே அடிச்சிட்டான்!"

மூன்றாவது முறை மூவாயிரத்து அறுநூறு. அத்தாவுல்லா சறுக்கின் அடியில் தார்ப்பாய் விரித்து, வழியில் சிந்துகிறதா என்று படுத்துப் பார்த்தார். "ஒண்ணும் சிந்தல சார். துருதான் மூக்குல வுழுது." விடாமல் தள்ளினார்கள். பதினைந்தாவது முறைக்குப் பிறகு பதினெட்டாயிரம் ஜூலைக் காணவில்லை. சாவியோ அங்கேயே உட்கார்ந்துவிட்டான்.

இன்னும் சோதிக்காத இடம் பெட்டியின் அடிப்பக்கம் ஒன்றுதான். பாரந்தூக்கியில் பெட்டி தொங்கியபோது அத்தாவுல்லா கையை அதன் கீழே விட்டார். அடியில் அடித்திருந்த இரண்டு இரும்புப் பட்டைகளையும் தடவியவர் சட்டென்று நின்றார்.

"நைனா, இங்க வா. இதுவும் உன் சாப்பாடு மாதிரி கீது."

பட்டை வெதுவெதுப்பாக இருந்தது. கூரைக்கு அடியில் வெயில் கிடையாது. சாவியோ ஓடிப்போய்ச் சறுக்காமல் நின்ற வேறொரு பெட்டியின் பட்டையைத் தொட்டான். அது சில்லென்று இருந்தது. அவன் தன் இரண்டு உள்ளங்கைகளையும் வேகமாகத் தேய்த்துக் கன்னத்தில் வைத்துப் பார்த்தான்.

கேள்விக்கு விடை அந்தக் கன்னத்தில் இருந்தது. இரும்பு எவ்வளவு வழவழப்பாகத் தெரிந்தாலும் கிட்டத்தில் பார்த்தால் மேடும் பள்ளமும்தான். பெட்டி சறுக்கும்போது அவை ஒன்றையொன்று பிடித்து விடுகின்றன. முழுப் பெட்டியும் ஒரே திசையில் ஓடுவதற்கான ஆற்றலில் ஒரு பங்கு, இரும்பின் துகள்கள் இருந்த இடத்திலேயே கன்னாபின்னாவென்று அதிர்வதற்குப் போய்விடுகிறது. அந்த அதிர்வைத்தான் நாம் சூடு என்கிறோம். ஆயிரத்து இருநூறு ஜூல் பெரிய சூடும் இல்லை. ஒரு சின்ன டம்ளர் டீயை மூன்று டிகிரி சூடாக்கும், அவ்வளவுதான். அதனால்தான் முதல் தடவையே யாருக்கும் தெரியவில்லை.

"அப்போ எல்லாம் பட்டையிலியும் தகட்டுலயும் கீது சார்," என்றான் சாவியோ. "மிச்சம் காத்துல கலந்து மணலி பக்கம் பூட்டுது."

"பாஸ் இல்லாம எப்பிடிப் போவும்?" என்றார் அத்தாவுல்லா.

"செவுத்துக்கு மேல போச்சு பாய். உன் மேல தப்பில்ல."

தாமோதரன் அசரவில்லை. "சூடுன்னு சொன்னா டாலி ஆவாது. எத்தினின்னு சொல்லு. ஆயிரத்தி எரநூறு காணோம், அதனால ஆயிரத்தி எரநூறு சூடுன்னு எழுதக்கூடாது. அது திருட்டுக் கணக்கு. தனியா அளந்து வரணும்."

அது நியாயமான கேள்வி. சறுக்கு பெட்டியை எவ்வளவு விசையோடு பிடிக்கிறது என்று தெரிந்தால் போதும். அதை நீளத்தால் பெருக்கினால் உராய்வு செய்த வேலை வந்துவிடும். ஆனால் அந்தப் பிடியை எப்படி அளப்பது?

"கரையில படகை மேல ஏத்தும்போது மணலு நம்மள எதிர்க்கும்," என்றான் சாவியோ யோசித்துக்கொண்டே. "கீழ எறக்கும்போது அதே மணலு நமக்கு ஒத்தாசையாப் புடிச்சிக்கும்."

"அப்போ ரெண்டையும் நிறுத்துப் பாரேன்," என்றார் அத்தாவுல்லா.

காசிமேட்டு மீன் சந்தையில் தொங்குமே, அந்த மாதிரிக் கொக்கித் தராசு ஒன்று கிடங்கில் இருந்தது. அதைக் கயிற்றுக்கு நடுவில் மாட்டினார்கள். பாரந்தூக்கி பெட்டியைச் சறுக்கின் மேலேயே ஒரே சீரான வேகத்தில் மேல்நோக்கி இழுத்தது. தராசு எண்பத்து நான்கு கிலோ காட்டியது. அதே வேகத்தில் மெதுவாக இறக்கியபோது முப்பத்தாறு.

சரிவு பெட்டியைக் கீழே இழுப்பது இரண்டு முறையும் ஒன்றேதான். ஏற்றும்போது உராய்வு அதோடு சேர்ந்தது. இறக்கும்போது அதிலிருந்து கழிந்தது. ஆகவே இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் உராய்வைப்போல இரண்டு மடங்கு. தாமோதரன் விரலால் காற்றில் கழித்தார். நாற்பத்தெட்டு. பாதி இருபத்து நான்கு கிலோ. அதாவது இருநூற்று நாற்பது நியூட்டன்.

பூஜ்யம் இருந்த கட்டத்தில் 240 என்று தட்டினார். திரை பதினைந்து சறுக்கலுக்கும் தானே கணக்குப் போட்டுப் பச்சையானது. கேட் திறந்தது. சாவியோ பைக்கை எடுத்தான். அத்தாவுல்லா பின்னாலேயே ஓடி மோதிர டப்பாவை அவன் பையில் திணித்தார்.

திருவொற்றியூர் தாண்டியதும் போன் அடித்தது. ஓரமாக நிறுத்தி எடுத்தான்.

"மணி மூணேகால்," என்றாள் கரோலின். "கெடச்சிதா இல்லியா?"

"கெடச்சிது. சறுக்கு எரநூத்தி நாப்பது நியூட்டன் விசையில புடிச்சிது. அஞ்சு மீட்டர் தூரத்துக்குப் புடிச்சிது. பெருக்கினா ஆயிரத்தி எரநூறு, அது சூடாச்சு. மிச்சம் ஆயிரத்தி எண்ணூறு வேகமாச்சு. ரெண்டையும் கூட்டினா மூவாயிரம். எதுவுமே காணாம போவல."