திரும்பிப் போன டப்பாவில் இருபது முறுக்கு

1

முதலில் ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை கற்பனையில் உதிக்கவில்லை. என் மனைவி ஜான்சிக்கு ஆபீஸில் கொடுத்த ஒரு கடிதத்திலிருந்து வந்தது. 'திங்கட்கிழமைக்குள் எழுத்துமூலம் விளக்கம் தரவும்' என்று மராட்டியில் இருந்தது. அவள் புனேயில் மாநகராட்சியின் ஒரு வார்டு ஆபீஸில் ஜூனியர் இன்ஜினியர். எந்த வார்டு என்று கேட்காதீர்கள். முதல் பிரதியில் வார்டின் பெயரை மாற்றினேன், இரண்டாம் பிரதியில் மாற்றிய பெயரையும் அடித்துவிட்டேன்.

விளக்கம் எழுத வேண்டியவள் அவள். கதை எழுத உட்கார்ந்தவன் நான். தப்புப் பண்ணியதும் நான்தான் என்பதால் எழுத நிறைய இருந்தது.

2

தொடக்கம் (அ): தீபாவளிக்கு முந்தைய ஒரு காலை, நாங்கள் குடியிருக்கும் வானவடிப் பகுதி மேல் மெல்லிய பனி படர்ந்து

(விட்டாயிற்று. ஜான்சி எட்டிப் பார்த்து, "பனி எங்கங்க இருந்துச்சு? ஃபேன் போட்டுக்கிட்டு உக்காந்திருந்தோம்" என்றாள்.)

தொடக்கம் (ஆ): அன்பளிப்புக்கும் லஞ்சத்துக்கும் இடையிலான கோடு மனித நாகரிகத்தின்

(எனக்கே கொட்டாவி வந்தது.)

தொடக்கம் (இ), நடந்தபடி: தீபாவளிக்கு மூன்று நாள் முன்னால் காண்ட்ராக்டர் கோட்கேயின் டிரைவர் எங்கள் ஃபிளாட்டுக்கு வந்து ஓர் எவர்சில்வர் டப்பாவை என் கையில் திணித்தார். சிவ்டா, கரஞ்சி, லாடு என்று இந்த ஊரில் பண்டிகைக்கு வீட்டுக்கு வீடு போகிற பலகாரம். நான் வேண்டாம் என்று சொல்வதற்குள் லிஃப்ட் இறங்கிவிட்டது.

சாயங்காலம் வந்த ஜான்சி செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"கோட்கேயா குடுத்தாரு? அரே, அவரோட ஃபுட்பாத் பில்லு என் டேபிள்லதாங்க கிடக்கு! திறக்காதீங்க. காலைல முதல் வேலையா திருப்பிக் குடுத்துட்டு வாங்க. நான் ரிஜிஸ்டர்ல எழுதிடறேன்."

[அடிக்குறிப்பு: விதி இது. காண்ட்ராக்டரிடமிருந்து ஊழியரோ குடும்பத்தாரோ எதையும் வாங்கக் கூடாது. வந்துவிட்டால் பதிவேட்டில் எழுதித் திருப்ப வேண்டும். கொடுப்பதோ வாங்குவதோ நடந்திருந்தால் ஊழியர் அந்தக் கோப்பிலிருந்து விலக வேண்டும். நான் முதல் வாக்கியத்தோடு படிப்பதை நிறுத்தியிருந்தேன்.]

3

மறுநாள் காலை டப்பாவைப் பையில் வைத்தேன். கை அதற்குமேல் நகரவில்லை. பண்டிகைப் பலகாரம் வந்தால் நம் வீட்டுப் பலகாரம் எதையாவது வைத்துத்தான் பாத்திரத்தைத் திருப்புவோம். நான் பிறந்த, இதே புனேயின் கட்கிப் பகுதி லைன் வீடுகளில், முந்தின நாள் குழாயடியில் குடுமிப்பிடிச் சண்டை போட்டவர்களும் அப்படித்தான் திருப்புவார்கள். வாங்குவது தப்பு, சரி. அதற்காக மனுஷனை மூஞ்சியில் அடித்த மாதிரி அனுப்புவதா? நானே பிழிந்த முறுக்கில் இருபதை எண்ணி, காகிதத்தில் சுற்றி, டப்பாவின் மேல் வைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

அன்று மத்தியானமே கோட்கேயின் வாட்ஸப் ஸ்டேட்டஸில் என் முறுக்கு வந்துவிட்டது. 'ஜான்சி மேடம் வீட்டு சக்லி, தன்யவாத்!' கூடவே இரண்டு கும்பிடு. டெண்டரில் தோற்றிருந்த இன்னொரு காண்ட்ராக்டர் அதைப் படம் பிடித்துப் புகார் கொடுக்க, ஜான்சிக்கு அந்தக் கடிதம் வந்தது.

இந்த இடத்தில் கோட்கேயை எப்படி எழுதுவது என்று தெரியாமல் இரண்டு நாள் திண்டாடினேன். ஒரு பிரதியில் அவர் சூழ்ச்சிக்காரர்: ஜான்சியைக் கோப்பிலிருந்து கழற்றிவிடவே படம் போட்டார். இன்னொன்றில் முறுக்கைக் கடித்துக் கண் கலங்கிய அப்பாவி. ஜான்சி இரண்டையும் படித்தாள்.

"ரெண்டாவதுல ஓவரா பண்ணிருக்கீங்க. உங்க முறுக்குக்கு யாரும் அழமாட்டாங்க. பல்லு போனா அழுவாங்க."

4

விஷயம் முறுக்கு இல்லை, நடைபாதை. ஒரு பள்ளிக்கூட வாசலில் கோட்கே கல் பதித்திருந்தார். ஜான்சி கடப்பாரையால் மூன்று கல்லைப் பெயர்த்துப் பார்த்தாள். அடியில் மணல் படுகையே இல்லை, வெறும் மண்தான். ஒரு மழைக்குக் கல் ஆடும், பிள்ளைகள் பஸ் ஓடுகிற ரோட்டில் இறங்கி நடக்கும். வேலை முடிந்ததென்று கையெழுத்துப் போட அவள் மறுத்திருந்தாள். அவள் விலகினால் அந்தக் கோப்பு வேறொருவர் மேஜைக்குப் போகும். அவருக்குக் கடப்பாரை எடுக்கிற பழக்கம் உண்டா என்பது யாருக்கும் தெரியாது.

அதனால்தான் நான் ஆரோக்கியமேரி என்று ஒரு பாத்திரத்தை உருவாக்கினேன். எங்கள் வீட்டில் வேலை செய்பவள், வெகுளி. டப்பாவின் மேல் முறுக்கு வைத்தது அவள். வேலைக்கு வருகிறவர் விதிப்படி குடும்பத்தில் சேரமாட்டாரே! நன்றாக வந்திருந்தாள், ஜலதோஷம்கூடக் கொடுத்திருந்தேன்.

"நம்ம வீட்ல யாருங்க ஆரோக்கியமேரி?"

"கதைதானே."

"கதைக்கு வச்சுக்கோங்க. ஆபீஸ் லெட்டர்ல இவ வரக் கூடாது."

"உண்மையைச் சொன்னா நீ விலகணும். கல்லு அப்படியே கிடக்கும். ஒரு சின்னப் பொய்தானே ஜான்சி, பிள்ளைங்களுக்காக..."

அவள் காகிதத்தை மடித்து என் பக்கம் தள்ளினாள். பிறகு, "கோட்கேயும் இதையேதாங்க சொன்னாரு. ஸ்கூல் திறக்கப் போகுது மேடம், பிள்ளைங்களுக்காக ஒரு கையெழுத்துன்னு" என்றாள்.

எனக்கு மூஞ்சியை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. வெட்கமாக இருந்தது. ஆரோக்கியமேரியை ஜலதோஷத்தோடு நீக்கினேன்.

5

முடிவு (அ): ஜான்சி பொய் சொல்கிறாள், நடைபாதை பிழைக்கிறது. (அவள் எழுதவிடவில்லை.)

முடிவு (ஆ): கோட்கே மனம் திருந்தி, லாரி லாரியாக மணலோடு (நானே எழுதவில்லை.)

நடந்தது: சனிக்கிழமை ஜான்சி கல்லைப் பெயர்த்த படங்களையும் அளவுகளையும் கோப்பில் சேர்த்து, பக்க எண் போட்டுக் குறிப்பு எழுதினாள். திங்கட்கிழமை விளக்கம் கொடுத்தாள்: 'முறுக்கு வைத்தவர் என் கணவர். நான் இந்தக் கோப்பிலிருந்து விலகுகிறேன்.' அன்றே கோப்பு கை மாறியது. இப்போது யாரிடம் இருக்கிறது, அவர் அந்தக் குறிப்பைப் படித்தாரா, அதை மீறிக் கையெழுத்துப் போட்டாரா என்று அவள் விசாரிக்கக் கூடாது. விசாரிக்கவும் இல்லை. அந்தப் பள்ளிக்கூட ரோட்டைத் தவிர்த்து வேறு வழியாக ஆபீஸுக்குப் போய்வருகிறாள். தூரம் கூடுதல்.

"நான் போய்ப் பாத்துட்டு வரட்டுமா? ஆடுச்சுன்னா ஒரு புகார் எழுதிப் போடறேன்" என்று கேட்டேன்.

"நீங்க குடும்பம்ங்க. உங்க பேர்ல புகார் போனா நான் எழுத வச்சேன்னு ஆயிடும். சும்மா இருங்க."

ஆகவே இந்தக் கதைக்கு என்னிடம் முடிவு இல்லை. பள்ளிக்கூடம் எது என்றும் நான் சொல்லவில்லை, சொல்லவும் போவதில்லை. எந்தப் பள்ளிக்கூட வாசலானாலும் சரி, அந்தப் பக்கம் போனால் நடைபாதைக் கல் மேல் ஒருமுறை அழுத்திக் கால் வைத்துப் பாருங்கள். ஆடினால் எனக்கு எழுதாதீர்கள், வார்டு ஆபீஸுக்கு எழுதுங்கள். நாங்கள் இரண்டு பேரும் எழுத முடியாது.