பத்தொன்பது படிவங்கள்

சென்ற ஆண்டு பிப்ரவரிக்கும் டிசம்பருக்கும் இடையில் பெரும்பாக்கம் குடியிருப்பைச் சேர்ந்த ஷீலாவுக்குப் பத்தொன்பது வயது கூடியது. பிப்ரவரியில் அவளுக்கு நாற்பத்தொன்று, டிசம்பரில் அறுபது. அதே மாதங்களில் அவள் கணவன் லாரன்ஸுக்கு ஒரு வயது கூடி நாற்பத்தாறு ஆனது. தக்காளி விலை இரண்டு முறை ஏறி இறங்கியது.

ஷீலா பதினான்கு வருடம் தி.நகரில் ஒரு ஐந்து மாடிப் புடவைக் கடையில் லிஃப்ட் இயக்கியவள். மூலையில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, பட்டனை அழுத்தி, "ரெண்டாவது மாடி, பட்டு" என்று சொல்வது வேலை. அடையாற்றங்கரை வீட்டை இடித்துக் குடும்பத்தைப் பெரும்பாக்கத்துக்கு அனுப்பியபோதும் அவள் வேலையை விடவில்லை, இரண்டு பஸ் மாறி வந்தாள். பொங்கல் கழிந்ததும் கடையில் தானே பேசும் லிஃப்ட் வந்தது. அதுவும் பட்டு என்றுதான் சொன்னது, அவளைவிட இனிமையான குரலில்.

பனகல் பார்க்குக்குப் பின்புறம், மூக்குக்கண்ணாடிக் கடை ஒன்றின் மாடியில், கடைகளுக்கும் கல்யாண மண்டபங்களுக்கும் ஆள் அனுப்பும் அலுவலகம் இருந்தது. அங்கே மேசைக்குப் பின்னால் இருந்தவர் மயிலாப்பூர் ஸ்ரீனிவாசராகவன். ஐம்பத்தேழு வயது, ஓய்வுக்குப் பத்து மாதம் பாக்கி. அவர் வேலை செய்வதில் ஒரு முறை இருந்தது. ஒவ்வொரு காலியிடத்துக்கும் புதுப் படிவம். கேள்வியை அவர் வாய்விட்டுக் கேட்பார், வந்தவர் வாயால் சொல்வதைத் தம் கையால் எழுதுவார். நேற்று வந்தவர் இன்று வந்தாலும் பெயரிலிருந்துதான் தொடங்குவார். நான்காவது கேள்வி வயது.

"நாப்பத்தொண்ணு சார்" என்றாள் ஷீலா. கடை கேட்டது நாற்பதுக்குள். அன்று திரும்பும்போது பஸ்ஸின் பலகை அவளுக்குச் சற்று மங்கலாகத் தெரிந்தது. அடுத்த படிவத்தில் நாற்பத்தொன்று என்றுதான் சொல்ல நினைத்தாள். நாக்கு அவளைக் கேட்காமல் நாற்பத்திரண்டு என்றது. அந்த இடத்துக்கு வரம்பு நாற்பத்தொன்று. கூட்டிப் பெருக்குகிற வேலைக்கு வரம்பு நாற்பத்தைந்து என்றபோது அவளுக்கு நாற்பத்தாறு ஆகியிருந்தது. மண்டபத்தில் இலை எடுக்க ஐம்பதுக்குள் கேட்டார்கள், அவளுக்கு ஐம்பத்தொன்று. வரம்பு எங்கே நின்றாலும் அவள் அதை ஓர் அடி தாண்டித்தான் நின்றாள்.

ராயப்பேட்டை அரசு மருத்துவமனையில் ரத்தம் எடுத்துப் பார்த்து, வயதுக்கு ஏற்றபடி எல்லாம் சரியாக இருக்கிறது என்று எழுதிக்கொடுத்தார்கள். அந்த டாக்டரும் வயது என்ன என்று கேட்டார், அதனால் ஒன்றும் ஆகவில்லை. ரேஷன் கடையில் கேட்டார்கள், பக்கத்து வீட்டு மெஹக் கேட்டாள், அப்போதும் ஆகவில்லை. வேலை கொடுக்கும் மேசைக்குப் பின்னாலிருந்து கேட்டால் மட்டும் ஒரு வருடம் போனது.

லாரன்ஸ் ஆட்டோ ஓட்டுகிறவன், கண்ணாடியில் பின்னால் இருப்பவரைப் பார்த்துப் பழகியவன். ஏழாவது படிவத்துக்குப் பிறகு ஒரு காலை அவளை அப்படிப் பார்த்து, "இன்னா ஷீலா, தல இப்டி கீது?" என்றான். வெயில் என்றாள். பதினொன்றாவது படிவத்துக்கும் பன்னிரண்டாவதுக்கும் இடையில் அவளுடைய மாதவிலக்கு நின்றது. அதை அவனிடம் சொல்லவில்லை. அவர்களுக்குக் குழந்தை இல்லை. இனி இல்லை என்று லாரன்ஸ் எப்போதோ முடிவுகட்டியிருந்தான். அவள் முடிவுகட்டவில்லை என்பது அவளுக்கே அந்த மாதம்தான் தெரிந்தது. பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து தன் நாற்பத்து நான்காம் வயதை உள்ளுக்குள் தேடிப் பார்ப்பாள். ஒரு காய்ச்சலாவது, ஒரு சண்டையாவது அதில் இருந்திருக்க வேண்டும். ஒன்றும் இருக்காது. யாரும் குடிவராத ஃபிளாட்டைத் திறந்து பார்த்ததுபோல் இருக்கும்.

ஸ்ரீனிவாசராகவனுக்கு முதல் படிவம் எழுதிய மாலையே கருவாட்டுக் குழம்பு சாப்பிடத் தோன்றியது. ஏகாதசியன்று பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காத குடும்பம் அவருடையது. மூன்றாவது படிவத்துக்குப் பிறகு அவர் மாடிப்படியை இரண்டிரண்டாக ஏறினார். நான்காவதிலிருந்து அவரே ஷீலாவுக்குப் போன் செய்யத் தொடங்கினார். உனக்கென்றே ஓர் இடம் வந்திருக்கிறது, உடனே வா என்பார். அந்த வருடத்தில் ஷீலாவுக்குக் கிடைத்த சந்தோஷம் என்று ஏதாவது உண்டென்றால் அந்தப் போன்கள்தான். ஓர் ஆபீசர் தன் பெயரை நினைவில் வைத்திருக்கிறார் என்று லாரன்ஸிடம் இரண்டு முறை சொன்னாள்.

பத்தொன்பதாவது படிவம் நங்கநல்லூரில் ஒரு மண்டபத்தின் கழிப்பறையைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்கு, ஐம்பத்தெட்டுக்குள். "அம்பத்தொம்போது" என்று நாக்கு சொன்னது. அவர் எழுதினார். எழுதிய கையைப் பார்த்தாள். தோலில் ஒரு சுருக்கம் இல்லை. தலையைப் பார்த்தாள், கறுப்பு. பிப்ரவரியில் அந்தத் தலை எப்படி இருந்தது என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

"உங்களுக்கு இன்னா சார் வயசு?" என்று கேட்டாள்.

ஒன்றும் நடக்கவில்லை. அவள் உட்கார்ந்திருந்தது வேலை தேடுகிறவர்களின் நாற்காலி. அவர் பேனாவை மூடி வைத்தார்.

"மொதல் மூணு நேக்குத் தெரியாதும்மா. பெருமாள் சத்தியமா தெரியாது."

"மிச்சம் பதினாறு?"

அவர் மின்விசிறியைப் பார்த்தார். "ஆத்துல அப்பவே கேட்டுட்டா, இந்தக் கறுப்பு எங்கேர்ந்து வந்துதுன்னு" என்றார்.

ஷீலாவைச் சுட்டது இழந்த வருடங்கள் அல்ல. பதினாறு முறை போன் வந்தது. பதினாறு முறையும் அவள் தலைவாரி, இருப்பதில் நல்ல புடவையைக் கட்டிக்கொண்டு கிளம்பியிருந்தாள். அவருக்கு நன்றி சொல்லிவிட்டுத்தான் ஒவ்வொரு முறையும் படி இறங்கினாள். பிடுங்கியவரிடம் கும்பிடு போட்டிருக்கிறோம் என்பதுதான் சுட்டது.

இடத்தை மாற்றிக்கொள்வோம், நான் கேட்கிறேன் என்றாள். பண்ணலாம், பண்ணலாம், இன்றைக்கு மனசு சரியில்லை என்றார் அவர். மாதக் கடைசியில் சான்றிதழ்ப்படி அவருக்கு ஐம்பத்தெட்டு. முப்பத்தொன்பது வயது ஆளாக அவர் ஓய்வு பெறப்போகிறார். தம் இடத்துக்கு அவளையே போடச் சொல்லி முதலாளியிடம் பேசிவிட்டதாகச் சொன்னார்.

"வர்றவாகிட்ட ஆளுக்கு ஒண்ணு வாங்கிண்டா யாருக்கும் தெரியாதும்மா. ரெண்டு வாரத்துல பழையபடி ஆயிடுவே."

ஜனவரி இரண்டாம் தேதி ஷீலா மேசைக்குப் பின்னால் உட்கார்ந்தாள். முதலில் வந்தவள் தாரணி, ஊரூர் குப்பத்துப் பெண். கணவன் கடலுக்குப் போவதை நிறுத்திவிட்டான், இரண்டு மாதக் குழந்தையை அம்மாவிடம் விட்டுவிட்டு வந்திருந்தாள். பெயர், முகவரி, படிப்பு. நான்காவது கேள்விக்கு முன்னால் ஷீலா பேனாவைச் சிறிது நேரம் உருட்டினாள். ஒரே ஒன்று, எப்படி இருக்கிறதென்று பார்க்க. கேட்டாள்.

"இருவத்தாறு."

மாதக்கணக்காகப் பிடித்துக்கொண்டிருந்த ஷீலாவின் இடது முழங்கால் இளகியது. பிறகு மார்பு கனத்தது. ரவிக்கை நனைந்தது. கையை வைத்துப் பார்த்தாள், வெதுவெதுப்பாக இருந்தது. பால்.

எதிரே தாரணி முந்தானைக்குள் கையை விட்டுத் தடவிப் பார்த்தாள். வரும்போது கட்டிக்கொண்டு வலித்தது, இப்போது ஒன்றுமே இல்லையே என்று யாரிடமோ சொல்வதுபோலச் சொன்னாள். மறுபடியும் தடவினாள்.

சுவரிலிருந்த கடிகாரத்தின்படி ஐந்து நிமிடம் ஷீலா அசையவில்லை. இருபது வருடம் மாதாகோயிலில் மெழுகுவர்த்தி ஏற்றிக் கேட்டது அவள் ரவிக்கைக்குள் சொட்டிக்கொண்டிருந்தது. இது இன்னொருத்தியுடையது என்று மனதில் ஒரு குரல் சொன்னது. எல்லாமே இன்னொருவருடையதாகத்தானே போயிற்று என்று இன்னொரு குரல் சொன்னது. இரண்டும் அவளுடைய குரல்தான். தன்னிடம் அந்த இரண்டாவது குரல் இருந்ததில் அவள் உறைந்துபோயிருந்தாள்.

எழுந்து தாரணியின் கையைப் பிடித்து மேசையைச் சுற்றி இழுத்துவந்தாள். "இங்க குந்து. என் வயசு இன்னான்னு கேளு."

"சும்மா இருங்கம்மா. பெரியவங்களப் போய் வயசு கேப்பாங்களா? எங்கம்மா செருப்பால அடிக்கும்."

"உங்கம்மாகிட்ட நான் சொல்லிக்கிறேன். கேளுடி."

"கேட்டா வேல உண்டா?"

"உண்டு."

தாரணி தரையைப் பார்த்துக்கொண்டு, கூச்சத்தில் தலையைச் சொறிந்துகொண்டு கேட்டாள். ஐம்பத்தொன்பது என்றாள் ஷீலா. சொல்லி முடிப்பதற்குள் கால் பழையபடி பிடித்துக்கொண்டது, மார்பு வற்றியது. தாரணி இரண்டு கையாலும் மார்பை அமுக்கிக்கொண்டு, குழந்தை அழும், ஓடிவிட்டு வருகிறேன் என்று படியில் இறங்கினாள். ஈர ரவிக்கை காயும்வரை ஷீலா மேசைமேல் தலையைச் சாய்த்துக் கிடந்தாள். அன்று வந்த மற்ற ஆறு பேரிடமும் மூன்று கேள்விக்குப் பிறகு ஐந்தாவதுக்குப் போனாள்.

இப்போதும் அப்படித்தான். நான்காவது கட்டம் காலியாக இருக்கிறதே என்று கடைகள் போன் செய்கின்றன. ஆளைப் பாருங்கள், வேலை செய்யத் தெரிகிறதா என்று பாருங்கள் என்கிறாள். இரண்டு கடைகள் விலகிக்கொண்டன. மற்றவை முணுமுணுத்துக்கொண்டே ஆள் எடுக்கின்றன. தாரணி தி.நகர் கடையில் சுடிதார் பிரிவில் நிற்கிறாள். ஸ்ரீனிவாசராகவன் காலையில் பெசன்ட் நகர் கடற்கரையில் ஓடுகிறார், திரும்பும்போது குப்பத்தில் கருவாடு வாங்குகிறார், விற்கிற பெண்கள் அவரைத் தம்பி என்கிறார்கள். ஷீலா இரண்டு முறை போன் செய்தாள். பண்ணலாம் என்றார்.

மாலையில் லாரன்ஸ் ஆட்டோவோடு பனகல் பார்க் பக்கம் வந்து அவளை ஏற்றிக்கொள்கிறான். அதே வழியில் போகிறவர்கள் கிடைத்தால் அவர்களையும் ஏற்றி, அவளைத் தன் பக்கத்தில் ஓரமாக உட்காரவைத்துக்கொள்வான். அம்மாவா என்று கேட்பார்கள். வூட்டுக்காரி என்பான். அவர்கள் அவளை ஒருமுறை எட்டிப் பார்ப்பார்கள். சிக்னல் விழும். வண்டி நகரும்.