இடைவேளை இல்லாத அறை

கரியமாணிக்கத்தில் மற்றவர்கள் சினிமா பார்ப்பார்கள். சிங்காரவேலு அனுபவிப்பார். இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று அவரிடம் யாரும் கேட்டதில்லை. கேட்காமலேயே எல்லோருக்கும் விளக்கம் கிடைத்திருக்கிறது.

தியேட்டர் அவருக்கு ஆகாது. விசில், பாப்கார்ன் வாசனை, முன்சீட்டுத் தலை. வீட்டு டீவியும் ஆகாது. குக்கர் சத்தம், கூரியர்காரன், படத்தைப் பாதியில் நிறுத்திவிட்டு மீன் வாங்கப் போகிற மனைவி. ஆகவே அவர் மூன்றாவதாக ஒன்றைக் கண்டுபிடித்தார். முன்பு நெல் கொட்டி வைத்திருந்த அறை ஒன்று வீட்டில் சும்மா கிடந்தது. ஜன்னல் கிடையாது, சுவர் ஒன்றரை அடி. அதன் உள்பக்கம் முழுக்கக் கறுப்புப் பஞ்சுப் பலகை ஒட்டி, கதவுக்கு ரப்பர் பட்டை அடித்து, மூலைக்கு மூலை ஸ்பீக்கர் வைத்தார். கரண்ட் போனாலும் படம் நிற்காமலிருக்கத் தனி பேட்டரி. "வெளிய இடி வுழுந்தா கூட உள்ளாற தெரியாது" என்று சொல்லிக்கொள்வார். அதை ஒரு குறையாக யாரும் அதுவரை யோசிக்கவில்லை.

சேவியர் அவருடைய கார் டிரைவர். ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் ரசிகர். முதலாளி அனுபவிப்பதை யாராவது உட்கார்ந்து பார்க்க வேண்டுமே. மனைவி விஜயகுமாரி பத்தாவது நிமிஷம் தூங்கிவிடுவார். அதனால் சேவியர். சாய்வு சோபா மூன்று இருந்தும் அவனுக்குக் கடைசியில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. வில்லியனூர்த் தியேட்டரில் டிக்கெட் வாங்கினால் முதலாளிக்குப் பக்கத்து சீட்டில்கூட அவன் உட்காரலாம். முதலாளிக்குத் தியேட்டர் பிடிக்காமல் போனதற்கு இதுவும் ஒரு காரணமோ என்று சேவியருக்கு ஒரு சந்தேகம் உண்டு. கேட்டதில்லை.

அந்த ஞாயிறு காலையிலிருந்தே மழை. சேவியரின் மனைவி ஆரோக்கியசெல்வி வீட்டில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு சுவரோரம் நின்றாள். பிரசவத்துக்கு டாக்டர் சொன்ன தேதிக்கு இன்னும் பத்து நாள் இருந்தது.

"சூட்டு வலியாத்தான் இருக்கும். நீ போய்ட்டு வா. போனை மட்டும் கையில வெச்சிரு" என்றாள்.

"கையிலதான் வெச்சிருப்பன். நீ ஒரு ரிங் வுடு, காரோட வந்து நிப்பன். முதலாளிகிட்ட முன்னாடியே சொல்லி வெச்சிட்டன்."

சொல்லித்தான் வைத்திருந்தான். "இது இன்னாடா கேள்வி, நம்ம கார்லயே கூட்டிம்போ" என்று அவரும் பெரிய மனது பண்ணியிருந்தார். அந்தத் தெருவில் கார் என்று இருந்தது அது ஒன்றுதான்.

ஆனால் அறைக்கு வெளியே முக்காலியில் ஒரு வெற்றிலைத் தாம்பாளம் உண்டு. உள்ளே போகிறவர்கள் செல்போனை அதில் வைத்துவிட்டுத்தான் போக வேண்டும். கோயிலுக்கு வெளியே செருப்பு விடுவது மாதிரி என்பார் முதலாளி.

"முதலாளி, இன்னிக்கு மட்டும் போன் எங்கிட்ட இருக்கட்டுமே. அதுக்கு இடுப்பு வலிக்கிதுன்னுச்சி."

"டாக்டர் இன்னா தேதி சொன்னாரு?"

"பதினேழு."

"இன்னிக்கு ஏழு. வை."

சேவியர் வைத்தான். கார்ச் சாவியையும் பக்கத்தில் வைத்தான். கையில் இருந்தால் சிணுங்கும்; போன ஞாயிறு அதற்கும் ஒரு பாட்டு வாங்கியிருந்தான். முதலாளி உள்ளே வந்து கதவைப் பூட்டிச் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். முன்பொரு நாள் பால்காரர் கதவைத் திறந்து வெளிச்சம் விழுந்து, ஒரு முக்கியமான இருட்டு கெட்டுப்போய்விட்டதாம்.

"எவ்ளோ நேரம் முதலாளி?"

"நாலு மணி நேரத்துக்குப் பத்து நிமிஷம் கம்மி."

"இன்டர்வெல் எப்ப வரும்?"

முதலாளி இரக்கத்தோடு திரும்பினார். "இன்டர்வெல்லுங்கிறது பப்ஸ் விக்கிறவன் கண்டுபுடிச்சதுபா. டைரக்டர் கண்டுபுடிச்சதில்ல."

படம் ஏதோ குளிர்தேசத்தில் நடந்தது. ஒரு கிழவர் வயலில் நடந்தார். இன்னும் நடந்தார். விஜயகுமாரி வழக்கப்படி தூங்கினார். சேவியர் நேரம் பார்க்க நினைத்தான். அவன் நேரம் பார்ப்பது போனில்தான். இந்த அறையில் கடிகாரமும் கிடையாது. தியேட்டராக இருந்தால் இந்நேரம் நாலு பேர் கத்தியிருப்பார்கள், யாராவது எழுந்து வெளியே போவார்கள், கதவு திறந்து திறந்து மூடும். கதவுக்கு மேல் சிவப்பு விளக்கு எரியும். இங்கேயும் அப்படி ஒன்றை எலக்ட்ரீஷியன் மாட்டிவிட்டுத்தான் போனார். கண்ணை உறுத்துகிறது என்று முதலாளி கழற்றிவிட்டார்.

மூலையில் பேட்டரிப் பெட்டி கிர்ரென்றது.

"ஊருக்கே கரண்ட் போய்டிச்சி. நமக்குத் தெரிஞ்சுதா?" என்றார் முதலாளி பெருமையாக.

இன்னும் வெகுநேரம் போனது. திரையில் கிழவர் பனியில் நின்றார். அப்போதுதான் அந்தச் சத்தம். தொம். தொம். நிறுத்தி, மறுபடி தொம்.

முதலாளி கண்ணை மூடிக்கொண்டார். "கேட்டியா? பின்னாடி ஸ்பீக்கர். நெஞ்சுல வந்து இடிக்கிது பாரு. இதெல்லாம் தியேட்டர்ல கெடைக்குமா?"

சேவியர் திரையைப் பார்த்தான். கண்ணுக்கெட்டிய வரை வெள்ளை. வீடு இல்லை, மரம் இல்லை, கதவு இல்லை. அங்கே யார் எதைத் தட்டுவது?

தொம்.

அவன் எழுந்தான். "முதலாளி, யாரோ கதவத் தட்றாங்க."

"படத்துல தட்றாங்கடா. உக்காரு."

"படத்துல கதவே இல்ல முதலாளி. சாவி குடுங்க."

"இந்த ஷாட்டு பதினோரு நிமிஷம், வெட்டே கெடையாது. முடியட்டும், குடுக்குறன்."

சேவியர் ஒரு வினாடி நின்றான். இந்த வீட்டில் அவன் எதையும் கேட்காமல் தொட்டதில்லை. பேட்டரிப் பெட்டிக்குப் போய் ஒயரைப் பிடுங்கினான்.

இருட்டு. சத்தமே இல்லை. தட்டுகிற சத்தமும் நின்றுபோயிருந்தது.

"டேய்" என்றார் முதலாளி. குரலில் கோபம் வருவதற்குள் வேறு ஏதோ வந்துவிட்டது. விஜயகுமாரி விழித்துக்கொண்டு, "இன்னாச்சி?" என்றார். முதலாளி சட்டைப் பையைத் தடவினார். சாவி சோபா இடுக்கில் விழுந்திருந்தது. இருட்டில் மூன்று பேரும் மண்டியிட்டு அதைத் தேடினார்கள். போன் இருந்திருந்தால் வெளிச்சம் அடித்திருக்கலாம்.

கதவு திறந்ததும் மழை இரைச்சல் மொத்தமாக உள்ளே வந்தது. தாம்பாளத்தில் சேவியரின் போன் ஒளிர்ந்துகொண்டிருந்தது. கார்ச் சாவி இல்லை. வாசற்படியிலிருந்து கூடம் வழியாக ஈரக் காலடிகள், சின்னச் சின்னதாக, இந்தக் கதவு வரை வந்திருந்தன. கதவின் அடியில் ஒரு ஆள் உட்கார்ந்த அளவுக்குத் தரை நனைந்திருந்தது. அந்த ஈரம் மழை ஈரம் மட்டுமில்லை என்று விஜயகுமாரிக்குப் பார்த்ததும் தெரிந்தது. அங்கிருந்து காலடிகள் திரும்பியிருந்தன, தேய்த்து இழுத்துக்கொண்டு.

ஆரோக்கியசெல்வி போர்டிகோவில், காரின் பின்சீட்டில் இருந்தாள். முந்தானையைப் பல்லில் கடித்திருந்தாள். சாவி கையில் இறுக்கமாக.

"ஆம்புலன்ஸ் வர ஒரு மணி நேரம் ஆவும்னாங்க" என்றாள். "அதான் நானே வந்து தட்டுனன்."

"எவ்ளோ நேரமா?"

அவள் கார்ச் சாவியை அவனிடம் நீட்டினாள்.

பிள்ளையார்குப்பம் ஆஸ்பத்திரிக்குப் போகிற ரோட்டில் தண்ணீர் சக்கரத்தைத் தொட்டது. முதலாளி செருப்புகூடப் போடாமல் முன்சீட்டில் ஏறியிருந்தார். கதவுச் சாவி இன்னும் அவர் கையில் இருந்தது. எங்கே வைப்பதென்று தெரியவில்லை போலும். எத்தனை பெரிய படமானாலும் எத்தனை நிமிஷம் என்று சொல்லிவிடுகிறவர், ரோட்டுத் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"காலையில பூரா ஒதச்சிக்கினே இருந்துச்சி" என்றாள் ஆரோக்கியசெல்வி, பாகூர் தாண்டியதும். "இப்ப ஒதைக்கல."

விஜயகுமாரி அவள் வயிற்றின் மேல் உள்ளங்கையை வைத்தார். சேவியர் கண்ணாடியில் அந்தக் கையையே பார்த்தான். ரோட்டைப் பார்த்தான். மறுபடி கையைப் பார்த்தான். வைப்பர் போய்ப் போய் வந்தது. விஜயகுமாரி கையை இடப்பக்கம் நகர்த்தி வைத்தார். பிறகு கொஞ்சம் கீழே. பிறகு இரண்டு கையையும் வைத்தார்.

எடுக்கவில்லை. உள்ளங்கைகள் இன்னும் தேடிக்கொண்டிருந்தன.