கூடத்தின் குறுக்கே போகும் சரளைப் பாதை

கோட்டைக்குப் போகும் சரளைப் பாதை ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் மலையிலிருந்து இறங்கி வந்து சைக்கிள் கடைக்காரியின் வீட்டுக்குள் புகுந்தது. வாசல்படி ஏறி, கூடத்தின் குறுக்கே சென்று, சமையலறையில் அடுப்பை இடிக்காமல் லேசாக வளைந்து, கொல்லைக்கதவு வழியாக வெளியேறி, வீட்டின் பின்னால் சும்மா கிடந்த மொட்டைக்குன்றின்மேல் ஏறிப் படுத்துக்கொண்டது. ஒரு சாமான்கூட உடையவில்லை. நாற்காலிகளை மட்டும் சுவரோரமாக ஒதுக்கி வைத்திருந்தது. முதலில் பார்த்தவள் மாமியார்தான். தண்ணீர் பிடிக்க எழுந்துவந்தவளின் உள்ளங்காலில் கல் குத்தவே, "சைக்கிளக் கழுவிட்டு உள்ள கொண்டுவான்னு எத்தன தடவ சொல்றது?" என்று சத்தம் போட்டு மருமகளை எழுப்பினாள். மருமகள் எழுந்து வந்து பார்த்துவிட்டு, தூக்கக் கலக்கத்திலேயே பாதையின் ஓரமாக நடந்து போய் அடுப்பைப் பற்றவைத்தாள்.

ஊரில் யாரும் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. காரணம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். கல்யாணமாகி வந்த வருஷத்திலிருந்து கடைக்காரி ஞாயிறு தவறாமல் அந்தப் பாதையில் சைக்கிள் ஓட்டுகிறாள். கல்பாலம், பழைய சுங்க மண்டபம், காவல் கோபுரம், கடைசியில் கோட்டை என்று மேடும் பள்ளமுமாகப் போகிற பாதை அது. அகலமான டயர் போட்ட சைக்கிள்களோடு வெளியூர்க்காரர்கள் வருவார்கள். அவர்களுக்கு முன்னால் இவள் போவாள். கடையில் வாரம் முழுக்கப் பஞ்சர் ஒட்டி முதுகு விட்டுப்போனாலும், அந்தச் சரளையில் ஏறி கைப்பிடி தடதடக்கத் தொடங்கியதும் அவளுக்கு உயிர் வந்துவிடும். வீடு திரும்பியதும் டயரின் இடுக்குகளில் சிக்கிய கற்களை ஸ்குரூடிரைவரால் நெம்பி எடுத்து, ஷூவையும் உதறி, கொல்லையில் துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் குவித்துவைப்பாள். தூர எறிய மனசு வந்ததே இல்லை. அவள் புருஷன் நகராட்சியில் ரோடு ரோலர் ஓட்டுபவன். எந்தப் பக்கம் கல் அதிகமோ அந்தப் பக்கம் பாதை போய்விடும் என்பது ரோடு வேலை செய்கிறவர்களுக்குத் தார் விலையைப் போலத் தெரிந்த விஷயம். "சேத்துக்கிட்டே போ. ஒரு நாள் ரோடே உன் பின்னாடி வந்து நிக்கப்போகுது," என்று குவியலைப் பார்க்கும்போதெல்லாம் சொல்வான்.

மேடு பள்ளத்தைக் கண்டால் நசுக்கியே தீரவேண்டும் என்று நினைப்பவனும் மேடு பள்ளத்துக்காகவே உயிர் வாழ்பவளும் ஒரே கூரையின் கீழ் எப்படிக் குடும்பம் நடத்துகிறார்கள் என்று தெருவில் கேலி பேசாதவர்கள் கிடையாது. அவர்கள் நன்றாகத்தான் நடத்தினார்கள். அவள் கூப்பிட்ட ஒரு ஞாயிற்றுக்கிழமைகூட அவன் கூடப் போனதில்லை. அந்தச் சரளையில் ஓட்டிப் பல் ஆடுகிற வயசில்லை எனக்கு என்பான். அவளும் விட்டுவிடுவாள். கார்கள் கோட்டைவரை போக வேண்டும் என்று நகராட்சி அந்தப் பாதைக்குத் தார் போட முடிவுசெய்து, வேலையை அவனிடமே கொடுத்தபோதுதான் வீட்டில் பேச்சு நின்றது. "அதுல தார் விழுந்துச்சுன்னா நான் இனிமே சைக்கிள்ல ஏற மாட்டேங்க," என்றாள் அவள். சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் அவன் பதிலுக்குச் சத்தம் போட்டிருப்பான். தலையைக் குனிந்தபடி சாப்பிட்டு முடித்து, "வேலைன்னா வேலைதான்," என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் போனான். அன்றிலிருந்து தினமும் அளவெடுக்க மலைக்குப் போனான். டிபன் கேரியரின் மேல்தட்டில் அவன் மிச்சம் கொண்டுவருவதை வீணாக்காமல் சாப்பிடுகிற மாமியாருக்குப் பல்லில் கல் கடிபட்டது. பருப்பில் கல்லைக் கலக்கிறான் பாவி என்று மளிகைக்கடைக்காரனிடம் போய் ஒரு பாட்டம் சண்டை பிடித்துவிட்டு வந்தாள். வேலை தொடங்க வேண்டிய செவ்வாய்க்கிழமை பாதையே வீட்டுக்கு வந்துவிட்டது.

பாதை போன பிறகு மலையில் இருக்கப் பழைய கட்டடங்களுக்கு என்ன வேலை? அவையும் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன. கல்பாலம் அதே வாரம் வந்து கொல்லைக்கு அப்பால் நின்றுகொண்டது. அடியில் தண்ணீர் இல்லாமல் கொஞ்ச நாள் அசடு வழிந்தது. பிறகு ஓடையும் வந்துவிட்டது. சுங்க மண்டபம் வரும் வழியில் இரண்டு தூண்களை வைத்துவிட்டு வந்து, திரும்பிப் போய் எடுத்துவந்தது. காவல் கோபுரம் வந்த அன்று தெருக்காரர்கள் துணி காயப்போட இடம் மாற்றிக்கொண்டார்கள், நிழல் விழுந்ததால். கோட்டை கனம் அதிகம், வயசும் அதிகம். அது மழைக்காலம் தொடங்கும்போதுதான் வௌவால்களோடு குன்றின் உச்சிக்கு வந்து உட்கார்ந்தது.

ஆனால் உத்தரவு உத்தரவாகவே இருந்தது. பாதை எங்கே இருந்தாலும் அதன்மேல் தார் போட வேண்டும் என்று நகராட்சி இன்ஜினியர் வந்து நின்றார். அவருக்குப் பின்னால் தெருவை அடைத்துக்கொண்டு ரோலர், அதன்மேல் புருஷன். கடைக்காரி கூடத்துச் சுவரில் சாய்ந்து நின்றாள். அவன் முகத்தைப் பார்த்தாள். அவன் ரோலரின் சக்கரத்தைப் பார்த்தான். இன்ஜினியர் வாசல்படியில் கால் வைத்ததும் மாமியார் காய் நறுக்குவதை நிறுத்தாமல், "செருப்பக் கழட்டிட்டு வாங்க தம்பி," என்றாள்.

அவர் நல்ல மனிதர். கழற்றினார். வெறுங்காலோடு சரளையில் கூடத்தைக் கடப்பதற்குள் அவருக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அடுப்பங்கரையில் உட்கார்ந்து இரண்டு தம்ளர் தண்ணீர் குடித்தார்.

"அப்ப ரோலர் உள்ள வரணும்னா?"

"யாரா இருந்தாலும் கால்ல போட்டிருக்கறதக் கழட்டிட்டுத்தான் வரணும்," என்றாள் மாமியார்.

இன்ஜினியர் வாசல் பக்கம் திரும்பினார். புருஷன் மேலேயிருந்து மரியாதையாகச் சொன்னான்: "சக்கரத்தக் கழட்டினா ஓடாதுங்க சார்."

அவர் உள்ளங்காலைத் தடவியபடி வெகுநேரம் யோசித்தார். அடுப்பங்கரை வழியாகப் போவதைத் தெரு என்று சொல்ல முடியாது என்று முடிவுக்கு வந்தார். செருப்பை மாட்டிக்கொண்டு, சந்தைத் தெருவில் குழி விழுந்து கிடக்கிறது, தாரை அங்கே ஊற்றலாம் என்று ரோலரைத் திருப்பச் சொன்னார். மழை பெய்தால் முழங்கால் தண்ணீரில் நடந்துகொண்டிருந்த சந்தைக்காரர்கள் அன்று அவருக்கு ஒரு கூடை பழம் கொடுத்தார்கள்.

அன்று சாயங்காலம் கடைக்காரி டிபன் கேரியரைத் தேய்க்க உட்கார்ந்தாள். அத்தனை நாள் கோபத்தில் பாத்திரத்தை அவள் சரியாகப் பார்த்திருக்கவில்லை. கீழ்த்தட்டு முழுக்கக் கீறல். விளிம்பில் ஒரு சிவப்புக் கல் சிக்கியிருந்தது. சிவப்புக் கல் கோட்டைவாசலில் மட்டும்தான் உண்டு. எழுந்து போய்த் துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் பார்த்தாள். அவள் வருஷக்கணக்காகச் சேர்த்த சாம்பல்நிறக் குவியலின்மேல் சிவப்புக் கல் வட்டம் வட்டமாக இருந்தது, கேரியர் தட்டைக் கவிழ்த்த வடிவம் கலையாமல். அவளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. கேரியரைக் கையில் பிடித்தபடியே கூடத்துக்கு வந்தாள்.

"இது என்னங்க?"

அவன் நிமிர்ந்து பார்க்கவில்லை. "நீ குடுத்த சாப்பாட்டுல கல்லு. சும்மா ஏன் எறியணும்னு திருப்பிக் கொண்டுவந்துட்டேன்."

"அப்ப மளிகைக்கடைக்காரன்கிட்ட நான் போட்ட சண்ட?" என்றாள் மாமியார்.

இப்போது ஞாயிறுதோறும் சைக்கிள்கள் வாசலில் மணியடித்துவிட்டு உள்ளே வருகின்றன. மாமியார் நறுக்குகிற காயைக் கீழே வைக்காமலே கால்களை மட்டும் தூக்கிக்கொள்கிறாள். சக்கரத்துக்குச் செருப்பு கிடையாது என்பதால் சைக்கிள்களுக்குத் தடை இல்லை. ரோலர் ஒன்றும் இதைக் கேட்டு வம்புக்கு வரவில்லை. முன்னால் கடைக்காரி போகிறாள். எல்லோருக்கும் கடைசியில், பல் தடதடக்கிறது என்று புலம்பிக்கொண்டே புருஷன் போகிறான். திரும்பி வந்ததும் அடுப்பங்கரையில் உட்கார்ந்து ஷூவைக் கழற்றிக் கவிழ்த்து உதறுகிறான். கற்கள் பாதையிலேயே விழுகின்றன.