சம்பந்தி எடுத்துக் கொடுத்த பாடி

என் சம்பந்தி சொர்ணவல்லியைப் பற்றி யாராவது இப்போது ஒரு வார்த்தை குறைத்துச் சொல்லட்டும், தோசைக் கரண்டியோடு சண்டைக்குப் போவேன். போன தை மாதம் வரை அப்படிச் சொல்லித் திரிந்த முதல் ஆள் நான்தான். சத்தமாகப் பேசுகிறாள், ஆம்பளைகளுக்கு நடுவே நின்று மீன் ஏலம் கேட்கிறாள், பெண்ணைக் கொடுத்த வீட்டில் கொஞ்சம் அடங்கி நடக்கத் தெரியவில்லை என்று எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன்! அவள் கட்டுமாவடியில் மீன் வாங்கி விற்கிறவள். ஏலத்தில் குரல் எழும்பாவிட்டால் வெறுங்கூடையோடுதான் திரும்ப வேண்டும். அது எனக்கு எங்கே தெரிந்தது?

எனக்கு மணமேல்குடியில் பஸ் நிற்கிற இடத்துக்குப் பக்கத்தில் தோசைக் கடை. பெரிய ஓட்டலெல்லாம் இல்லை, பெஞ்சு போட்ட சின்ன இடம். ஆனாலும் என் கடை. யாரும் வைத்துக் கொடுத்ததில்லை. அந்தக் கடைக்குத்தான் ஆபத்து வந்தது. கழுத்தும் தோளும் வலி. மேல் பலகையிலிருந்து மாவுச் சட்டியை இறக்கக் கை உயரவில்லை. துபாயிலிருக்கிற என் மகன் பிரவீன்குமார் போன் போடும்போதெல்லாம், "கடைய மூடுங்கம்மா, ஒக்காந்து சாப்பிடுங்க" என்கிறான். என் வீட்டுக்காரர் நல்லதம்பி அதற்கும் ஒரு படி மேலே போய், ஜெராக்ஸ் கடை வைக்க இடம் தேடிக்கொண்டிருந்த குணசேகரனிடம் சித்திரையில் இடத்தைத் தருவதாக வாக்கே கொடுத்துவிட்டார். எனக்கு வந்த ஆத்திரத்தில் அன்றைக்கு ஊற்றிய தோசையெல்லாம் கருகியது.

டாக்டரிடமும் போகாமல் இல்லை. "எங்கம்மா வலிக்குது?" என்று கேட்டார். நான் சேலைக்கு மேலேயே கழுத்தைத் தொட்டுக் காட்டினேன். தோளைத் திறந்து காட்டக் கூச்சம். காட்டின இடத்துக்கு ஏற்ற மாதிரி களிம்பு எழுதிக் கொடுத்தார். அவர் பாவம், வேறு என்ன செய்வார்?

தையில் ஒருநாள் சொர்ணவல்லி மகளைப் பார்க்க வந்தாள். அவள் மகள் வைஷ்ணவிதான் என் மருமகள். வழக்கமாக எனக்குக் கழுத்தில் தைலம் தேய்த்து விடுகிறவள் அவள். தோளை அவளிடமும் திறந்து காட்டியதில்லை. அன்று வேலைக்குப் போயிருந்தாள். நான் ஒரு கையால் தைலப் பாட்டிலோடு மல்லுக்கட்டுவதைப் பார்த்த சொர்ணவல்லி, கேட்காமல் கொள்ளாமல் பாட்டிலைப் பிடுங்கி, என் ஜாக்கெட்டைத் தோளிலிருந்து இறக்கிவிட்டாள். சம்பந்தியம்மா முன்னால் தோளைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்! எனக்கு உயிர் போய் உயிர் வந்தது.

"அடியாத்தே! என்னங்க சம்பந்தி இது?" என்றாள். பாடியின் வார் அழுந்தி, இரண்டு தோளிலும் விரல் புதைகிற அளவுக்குப் பள்ளம் விழுந்திருந்தது. கிணற்றுச் சுவரில் கயிறு அறுத்த தடம் மாதிரி கருத்துக் கிடந்தது.

"அது எப்பவும் இருக்கிறதுதாங்க" என்றேன்.

"எந்த சைஸ் பாடி போடுறீங்க?"

வைஷ்ணவியே என்னிடம் அதைக் கேட்டதில்லை. மெதுவாக, "முப்பத்திநாலு" என்றேன்.

"அது எப்ப அளந்தது?"

"அதையெல்லாம் யாருங்க அளக்கிறா? கல்யாணத்துக்கு எங்கம்மா வாங்கித் தந்தது அந்த நம்பர். பெறகு அவரு அறந்தாங்கி போகையில வாங்கியாருவாரு."

உண்மை அதுதான். ரேஷன் கார்டு எண் மாதிரி என் வீட்டுக்காரருக்கு அந்த முப்பத்திநாலு மனப்பாடம். கடையில் போய்ச் சொல்வார், கட்டிக் கொடுப்பார்கள், பேப்பர் பொட்டலத்தை என் தலைமாட்டில் வைத்துவிட்டு வெளியே போய்விடுவார். பிள்ளை பெற்று, உடம்பு பருத்து, தீட்டு நின்று, மார்பு தளர்ந்து எல்லாம் ஆன பிறகும் நம்பர் மட்டும் மாறவில்லை. தளர்ந்தது கீழே இறங்கக் கூடாதென்று வாரை இறுக்கிக்கொண்டே வந்தேன். இழுக்க இனி இடமில்லை என்றானபோது ஊக்குப் போட்டு இறுக்கினேன்.

சொர்ணவல்லி சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. தன் ஜாக்கெட்டை ஒதுக்கித் தோளைக் காட்டினாள். அங்கேயும் பள்ளம் இருந்தது, ஆறிப்போன பழைய பள்ளம்.

"எனக்கும் இப்படித்தான் இருந்துச்சு. மீன் கூடையால வந்ததுன்னு நெனச்சு அழுதுக்கிட்டுக் கெடந்தேன். வாங்க, அறந்தாங்கிக்குப் போயிட்டு வருவோம்."

"இதுக்கா?"

"ஆமா, இதுக்குத்தான். கெளம்புங்க."

அறந்தாங்கி ஜவுளிக்கடையில் கல்லாவுக்குப் பக்கத்தில் இருந்தவர் என்னை ஏற இறங்கப் பார்த்து, "முப்பத்தாறு எடுத்துக்கங்க, சரியா இருக்கும்" என்று ஒரு பெட்டியைத் தள்ளினார். நான் தலையைக் குனிந்து பையைத் திறந்தேன். சொர்ணவல்லி பெட்டியைத் திருப்பித் தள்ளினாள்.

"கண்ணால பாத்து எடை சொல்றதுக்கு இவங்க என்ன கொடுவா மீனாய்யா? போட்டுப் பாக்க எடம் எங்கிட்டு இருக்கு?"

கடையே திரும்பிப் பார்த்தது. நான் சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டேன்.

"உள்பாடியெல்லாம் போட்டுப் பாக்க முடியாதுங்க" என்றார் அவர்.

"செவுளத் தூக்கிப் பாக்காம நான் மீனே வாங்க மாட்டேன். நாள் பூரா ஒடம்புல கெடக்கிறத பாக்காம வாங்கச் சொல்றீங்களே! வாங்காதத அழுக்காக்க மாட்டோம், ஜாக்கெட்டுக்கு மேலயே போட்டுப் பாத்துக்கிறோம். பொம்பளப் புள்ளைக யாராச்சும் இருந்தா கூப்பிடுங்க."

அவர் மாடிப்பக்கம் குரல் கொடுத்தார். நைட்டி விற்கிற செல்வராணி இறங்கி வந்து, சிரிப்பை அடக்கிக்கொண்டு எங்களைச் சேலைக் கட்டுகள் அடுக்கிய அறைக்குக் கூட்டிப்போனாள். டேப்பும் கொண்டுவந்தாள். மார்புக்குக் கீழே சுற்றி ஒரு அளவு, மார்பைச் சுற்றி ஒரு அளவு. என் வாழ்நாளில் முதன்முதலாக அளந்தார்கள். முப்பத்தெட்டு, அதிலும் பெரிய கப் என்றாள் செல்வராணி. எனக்கு அழுகை வந்தது, கோபமும் வந்தது. யார்மேல் என்றுதான் தெரியவில்லை.

பழைய பாடியைக் கழற்றிவிட்டு, ஜாக்கெட்டுக்கு மேலேயே முதலில் ஒன்றைப் போட்டேன். "கையத் தூக்கித் தோசை ஊத்துங்க" என்றாள் சொர்ணவல்லி.

"என்னது?"

"கடையில ஊத்துற மாதிரியே ஊத்துங்க, சம்பந்தி."

சேலைக் கட்டுகளுக்கு நடுவே நின்று காற்றில் தோசை ஊற்றினேன். முதுகுப் பட்டி மேலே ஏறியது. "கழட்டுங்க, இது வேணாம்" என்றாள். அடுத்ததில் அக்குள் பக்கம் சதை பிதுங்கியது. அதுவும் வேண்டாம். பிறகு பருத்தித் துணியில், வார் அகலமாக, பின்னால் மூன்று வரிசைக் கொக்கியோடு ஒன்று வந்தது. கடைசி வரிசையில் தளர்வாக மாட்டி, முதுகுப் பட்டிக்குள் இரண்டு விரலை விட்டுப் பார்த்தாள்.

"தொவைக்கத் தொவைக்கத் தளரும், அப்ப உள் கொக்கியில மாட்டிக்கலாம். பாரத்த இந்தப் பட்டிதான் தாங்கணும், தோளு இல்ல. இப்ப ஊத்துங்க."

ஊற்றினேன். பட்டி அசையவில்லை. மேல் பலகையில் மாவுச் சட்டி இருப்பதாக நினைத்துக் கையை நீட்டினேன். கொஞ்சம் வலித்தது, ஆனால் கை போனது. எத்தனையோ நாளாகத் தோளில் தூக்கிச் சுமந்த யாரோ ஒரு ஆள் இறங்கிவிட்ட மாதிரி இருந்தது. நான் அந்த அறையிலேயே சொர்ணவல்லியைக் கட்டிக்கொண்டேன். கல்யாணத்தன்று கூட அவளைத் தொட்டதில்லை.

"விடுங்க, மீன் வாடை அடிக்கும்" என்றாள்.

"அடிச்சா அடிக்கட்டும்" என்றேன்.

வலி ஒரே நாளில் ஓடிவிடவில்லை. தையும் மாசியும் போய்ப் பங்குனி பாதியில்தான் மாவுச் சட்டியை யாரையும் கூப்பிடாமல் நானே இறக்கினேன்.

அந்த வாரமே குணசேகரன் ஜெராக்ஸ் மிஷினுக்கு இடம் அளக்க டேப்போடு வந்து நின்றான். பின்னாலேயே என் வீட்டுக்காரர். காலைக் கூட்டம், பெஞ்சு நிறைய ஆள். குணசேகரன் சுவரோரம் டேப்பை இழுத்தான்.

"தம்பி, அத சுருட்டி வச்சுட்டு உக்காந்து தோசை சாப்புடு. கடை தர்றதா இல்ல" என்றேன்.

"என்ன செவந்தி, தோளு வலின்னு நீதானே..." என்று இழுத்தார் என் வீட்டுக்காரர்.

டாக்டரிடம் திறக்காத வாய் என் வாய். அன்றைக்கு அதிலிருந்து வந்தது சொர்ணவல்லியின் ஏலக் குரல்.

"வலிக்குக் காரணம் கடையில்லீங்க. நீங்க வாங்கியாந்த பாடி. அளவு தப்பு. கல்யாணம் பண்ணுன நாள்லேர்ந்து தப்பு. சம்பந்தியம்மா கூட்டிப்போய் அளந்து சரியானத வாங்கித் தந்தாங்க. இப்பக் கை ஏறுது, பாருங்க."

என் வீட்டுக்காரர் தரையைப் பார்த்தார், குணசேகரன் டேப்பைப் பார்த்தான். எனக்கே காது சூடானது. ஆனாலும் கரண்டியைக் கீழே வைக்கவில்லை, கையை உயர்த்தி அடுத்த தோசையை ஊற்றினேன்.

ஓரத்துப் பெஞ்சில் பஸ்ஸுக்குக் காத்திருந்த டீச்சரம்மா தட்டை வைத்துவிட்டு எழுந்து வந்தார். என் காதில் சொல்வார் என்று நினைத்துக் குனிந்தேன். அவர் எல்லோருக்கும் கேட்கிற மாதிரியே கேட்டார்.

"எந்தக் கடையிலக்கா?"